ராணியின் நான்கு நிழல்கள்

1. ரிங்குக்குள்

ராணி மைதானத்தின் நடுவில் வயிற்றைப் புல்லோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள். பக்கத்திலேயே ஒட்டி நடக்கச் சொல்லி யூசுஃப் பாய் "ஹீல்" என்றார். அசையவில்லை. இன்னொரு தரம் "ஹீல்" என்றார். குரல் பிசிறியது. ஜட்ஜ் மார்க் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ரிங்கைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். ஒரு ஆள் போனைத் தூக்கிப் படம் பிடித்தான்.

அவளைப் பழக்கியவள் நான். ஆனால் நாய் கட்டளைக்குக் கீழ்ப்படிவதைப் பார்க்கிற ஒபீடியன்ஸ் போட்டியில் ரிங்குக்குள் நாய்க்கும் அதை நடத்துகிற ஹேண்ட்லருக்கும் மட்டும்தான் இடம். வெளியிலிருந்து பயிற்சியாளர் வாயைத் திறந்தால் மார்க் போய்விடும். அதனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பாய் கழுத்துப்பட்டையில் மாட்டிய லீஷைச் சுண்டி இழுத்தார். ஒரே இழுப்பு. ராணி கத்தவில்லை. படுத்தபடியே சிறுநீர் கழித்தாள். ஜட்ஜ் கையைத் தூக்கினார். ரிங்குக்குள் நாயை அப்படி இழுத்தால் டிஸ்குவாலிஃபை. அது எல்லோருக்கும் தெரிந்த விதி, பாய்க்கும் தெரியும்.

முப்பத்தைந்து கிலோ ஜெர்மன் ஷெப்பர்டை அவர் இரண்டு கையிலும் அள்ளி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் கையில் கட்டைபோல் கிடந்தாள்.

"இன்னா மேடம் ஆச்சு அவளுக்கு? காலையில நல்லாத்தான இருந்தா?"

எனக்கும் உடனே புரியவில்லை. வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. மழையால் காலைப் போட்டி மாலைக்குத் தள்ளிப்போயிருந்தது. பொழுது சாய்ந்ததும் மைதானத்தின் நான்கு மூலையிலும் ஃபோகஸ் லைட் போட்டுவிட்டார்கள். அடுத்து உள்ளே போன லாப்ரடாருக்கு நாலு பக்கமும் நாலு நிழல். அதன் ஹேண்ட்லருக்கும் நாலு. அவர் காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் அந்த நாலும் நாயின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. அந்த லாப்ரடார் டவுனில் பிறந்து வளர்ந்தது, அதற்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ராணி வளர்ந்தது மலைமேல் இருக்கிற காவலூரில்.

2. இருட்டில் வளர்ந்தவள்

யூசுஃப் பாய் வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்கிறவர். மனைவி காலமாகிவிட்டார், மகள்கள் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறார்கள். வீட்டில் வயதான தாயார் மட்டும். ராணியைக் குட்டியாகத் துண்டில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தபோது சொன்னார்: "வூட்ல அம்மா தொழுவுறவங்க, நாய் வாணாம்ன்றாங்க. அவங்க பேச்ச தட்ட முடியாது. உங்கக்கிட்டயே வளரட்டும் மேடம். நா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வர்றேன்."

இப்படிச் சொல்கிற ஆட்கள் மூன்று வாரம் வருவார்கள், பிறகு பணம் மட்டும் வரும். இவரையும் அந்தக் கணக்கில்தான் வைத்தேன். மனுஷர் என்னை ஏமாற்றிவிட்டார். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸும் காரும் நின்ற வாரம்கூட, கீழே ஒடுகத்தூரிலிருந்து யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் கார் வளைவில் திரும்புகிற சத்தம் எனக்குக் கேட்பதற்கு முன்பே ராணிக்குக் கேட்கும். வாலை ஆட்ட மாட்டாள், உடம்பையே ஆட்டுவாள்.

படிக்கிற மாணவராகவும் இருந்தார். நாய் மலைத்துப்போனால் என்ன செய்யும் என்பதை முதல் மாதமே சொல்லிக்கொடுத்தேன். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். முன்னால் தின்பண்டம் இல்லாதபோது உதட்டை நக்கும். உட்காரச் சொன்னால் எருமை மாதிரி மெதுவாக உட்காரும். முக்கியமான வேலை கிடைத்தமாதிரி தரையை மோந்துகொண்டே போகும். "திமிருன்னு நெனைக்காதீங்க பாய், அது தாங்க முடியலன்னு சொல்லுது" என்பேன். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பாய் கவனிப்பார். சில நாள் எனக்கு முன்பே, "மேடம், நாக்க நக்குறா, போதும், விட்ருவோம்" என்று லீஷைக் கழற்றிவிடுவார்.

தைரியம் வருவதற்காக அவளை என்னென்னவோ சத்தத்துக்குப் பழக்கினேன். பக்கத்து நிலத்துக் கோவிந்தண்ணன் புளி உலுக்கும்போது மரத்தடிக்கே கூட்டிப்போவேன்.

"எம்மா, நாய மரத்தாண்ட இட்னு வராத. புளி தலமேல உழும்" என்று கிளையில் நின்றபடி கத்துவார்.

"உழட்டும்ணா, அதுக்குத்தான் இட்டாந்தேன்."

புளி சடசடவென்று கொட்டும். ராணி என் காலோரம் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பாள். டிராக்டர், மைக் செட், காற்றில் அடித்துக்கொள்கிற சாமியானா, தட்டு விழுகிற சத்தம், எல்லாம் பார்த்தாயிற்று. வெளிச்சத்துக்கும் பழக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊர் அப்படி. மேலே பெரிய டெலஸ்கோப் இருக்கிறது. வானம் வெளுத்துப்போகக் கூடாது என்று வெளி விளக்குகளுக்கு மூடி போட்டுத் தரையைப் பார்க்கத் திருப்பி வைத்திருப்போம். பொழுது போனால் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவோம். என் வீட்டுக்காரர் அந்த டெலஸ்கோப் இருக்கிற இடத்தில்தான் வேலை பார்த்தார். வாசலில் மங்கலாக ஒரு பல்பு. இருட்டு எங்களுக்குக் குறையாகவே தெரியாது. ராணி அறிந்த நிழல் பகலில் விழுகிற ஒன்றுதான். அதையும் குட்டியில் துரத்தி விளையாடி ஓய்ந்துவிட்டாள்.

3. உச்சி வெயிலில் வந்தவர்

போட்டிக்கு மறுநாள் பாய் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"ஏவாரம் பண்றவங்க நாலு பேரு வந்திருந்தாங்க மேடம். நாய்க்கு இவ்ளோ செலவு பண்றியேன்னு கேட்டவங்க. அவங்க சிரிக்கிறது காதுல உழுந்துச்சு. கை தானா இழுத்துருச்சு."

"தெரியும் பாய்."

"அவ படுத்தது எதுக்குன்னு நா பாக்கல. நீங்க சொல்லிக்குடுத்ததெல்லாம் அந்த நேரத்துல எங்க போச்சுன்னு தெரியல."

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ரிங்கில் ஹேண்ட்லரின் பதற்றம் லீஷ் வழியாகவே நாய்க்கு இறங்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவள்தான் நான். அன்றைக்கு இறங்கியது அவருடைய பதற்றம் மட்டும் இல்லை. பேயைப்போல நாலு நிழல் தன்மேல் ஏறிய அதே நொடியில் கழுத்து வலித்தது. அந்த நிழல்களுக்கு நடுவில் நின்றவர் பாய். ராணி கணக்கைச் சரியாகத்தான் போட்டாள்.

வெளிச்சப் பயத்தைப் போக்கிவிட்டேன். அது கஷ்டமான வேலை இல்லை, பொறுமையான வேலை. பொழுது சாய்கிற நேரத்தில் கதவுக்குள்ளேயே தூரத்தில் ஒரு டார்ச் வைத்து, இந்தப் பக்கம் ஈரல் கொடுத்தேன். பிறகு டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்தேன். பிறகு இரண்டு. அதற்குப் பிறகு கீழே இறங்கிச் செங்கத்தில் விளக்கு போட்டு வாலிபால் ஆடுகிற இடத்துக்குக் கூட்டிப்போய் முதலில் ரோட்டுக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தேன். கோடை வருவதற்குள் அந்தக் கோர்ட்டின் ஓரத்திலேயே என்னோடு ஹீல் நடந்தாள். நிழல்களை மிதித்துக்கொண்டு நடந்தாள்.

பாய்மேல் விழுந்த பயம் போகவில்லை.

கார் சத்தம் கேட்டால் கட்டிலடியில் போய்ப் புகுந்துகொண்டாள். அவர் முதுகைத் திருப்பித் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் ஈரலை வைத்துப் பின்பக்கம் நீட்டுவார். ராணி கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாள். ஒரு வாரம் கிட்டே வருவாள், மறு வாரம் வர மாட்டாள். அவர் நிழல் மேலே பட்டால் கொட்டாவி. அதைக் கண்டுகொண்டு அவர் உச்சி வெயிலில் வர ஆரம்பித்தார். அப்போது நிழல் காலடியிலேயே அடங்கியிருக்கும். சட்டை நனைய வெயிலில் உட்கார்ந்திருக்கிற மனுஷரைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். உள்ளே வந்து மோர் குடியுங்கள் என்றால், "எழுந்தா நெழலு நீளும் மேடம், இருக்கட்டும்" என்பார்.

"கோப்பையெல்லாம் போவட்டும். எங்கிட்ட பழைய மாரி வந்தாபோதும்" என்று ஒருநாள் சொன்னார். வருவாள் என்று சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

4. ஸ்டே

போட்டிகளில் தேறினால் நாய்க்குக் கிடைக்கிற டைட்டிலுக்கு இன்னும் ஒரு தகுதி மார்க் பாக்கி இருந்தது. ராணிக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. பாயே வந்து கேட்டார். "நீங்க நடத்துங்க மேடம். உங்கக்கிட்ட நல்லா பண்றா. அவ கத்துக்கிட்டதுக்கு ஒரு பேராவது கெடைக்கட்டும். நா வெளிய நின்னு பாத்துக்கறேன்."

காலைப் போட்டி, நல்ல வெளிச்சம். ஹீல், கூப்பிட்டதும் ஓடி வருகிற ரீகால், எறிந்த டம்பெல் கட்டையைக் கவ்வி எடுத்து வருவது எல்லாம் பிசகாமல் செய்தாள். கடைசியாக ஸ்டே. நாயை உட்காரவைத்துவிட்டு ஹேண்ட்லர் மைதானத்தின் மறுகோடிக்குப் போய் நின்று அதைப் பார்க்க வேண்டும். ஜட்ஜ் சொல்லும்வரை அது எழவும் கூடாது, படுக்கவும் கூடாது.

பாதி நேரம் போனபோது ராணியின் கண் என்னை விட்டுப் பக்கவாட்டில் போனது. உதட்டை நக்கினாள். இன்னொரு தரம் நக்கினாள். வாயைப் பெரிதாகத் திறந்து ஒரு கொட்டாவி. முன்னங்கால் நடுங்கி முழங்கை மடங்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு விரல்கடை இறங்கினால் படுத்துவிடுவாள். நான் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். கயிற்றோரம், கூட்டத்துக்கு முன்னால், பாய் நின்றிருந்தார்.

அவரும் அவளுடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பி, ஆட்களுக்குப் பின்னால் போய், நாய்களை ஏற்றிவந்த வேனுக்கு மறுபக்கம் மறைந்தார்.

ராணி நிமிர்ந்தாள். முழங்கை நேரானது. கண் என்னிடம் திரும்பியது. ஜட்ஜ் போதும் என்று சொல்லும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சர்ட்டிபிகேட்டை வாங்கி, ராணியைக் கூண்டில் விட்டுவிட்டு வேனுக்குப் பின்னால் போனேன். பாய் போன இடத்திலேயே நின்றிருந்தார்.

"பாஸாயிட்டா பாய்."

"நாக்க நக்குனா மேடம். பாத்தேன்."

"கூட்டம் அதிகம், அதனால இருக்கும்."

"நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அவர் எதிரில் அழ வெட்கமாக இருந்ததால் ராணிக்குத் தண்ணீர் வைக்கப் போகிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

5. புதிதாக வருகிறவர்களுக்கு

நாய்க்குத் தைரியம் வர என்ன செய்ய வேண்டும் என்று போனில் கேட்கிற பிள்ளைகளுக்கு டார்ச்சையும் ஈரலையும் சொல்கிறேன். நீங்கள் குடியிருக்கிற இடத்தில் இல்லாதது எது என்று யோசித்து, அதை நாய்க்கு முதலில் காட்டுங்கள் என்கிறேன். இதெல்லாம் செய்தால் வெளிச்சம், சத்தம், கூட்டம் எல்லாம் சரியாகிவிடும். ஆள்மேல் விழுந்த பயம் வேறு. அது போவதற்கு வேண்டிய காலம் சில சமயம் ஒரு நாயின் ஆயுசைவிட நீளம். அதைப் போக்க எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்று சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

ராணி என்னிடம்தான் இருக்கிறாள். மூக்கு நரைத்துவிட்டது, கட்டிலடியில் புகுந்துகொள்வதில்லை. அந்தப் போட்டிக்குப் பிறகு பாய் மலையேறி வருவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் போன் வரும். சாப்பிட்டாளா, நடக்கிறாளா, பின்னங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். என் கையில் வேலை இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவது என் வழக்கம். முதல் தடவை அப்படிச் செய்தபோதே கண்டுபிடித்துவிட்டார்.

"ஸ்பீக்கர்ல போடாதீங்க மேடம்" என்றார். "அவ காதுல உழுந்துறப்போவுது."

அதிலிருந்து அவர் போன் வந்தால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, காதோடு வைத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசுகிறேன்.