இருபத்தேழாம் எண்

2019 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை. நடுக்கடலில் போய்க்கொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலில், மாலை 6 மணிக்கு ஆள் எண்ணியபோது ஒருவர் குறைந்தார்.

அவன் என் அக்காவின் ஒரே மகன்.

முப்பத்தொரு வருடம் செய்தித்தாளில் வேலை பார்த்தவன் நான். பேயைப் பார்த்தேன் என்று வரும் கடிதங்களைப் படித்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டதும் நான்தான். இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. நேரங்களை அன்றன்றே குறித்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

கடலில் தவறி விழுந்திருப்பான் என்றது கப்பல் கம்பெனி. மூன்று நாள் தேடினார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள்.

அக்காவும் அவனும் எங்கள் சர்ச் மூலமாக ஒரு புனிதப் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். அவன் விடுப்பு வாங்கி, வழியில் ஒரு துறைமுகத்தில் இறங்கி, சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. மார்ச் 8 அன்று கிளம்ப வேண்டும். போகச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. அவளே பெட்டியைக் கட்டினாள். பயணத் திட்டத்தில் ஒரு கல்லறை இருந்தது. செத்து நான்கு நாளானவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பியதாக வேதம் சொல்லும் இடம்.

"அங்க நின்னு நானும் ஒரு தரம் கூப்பிட்டுப் பாக்குறேன்டா."

துணைக்கு நான் போனேன்.

முதல் நாள் பஸ்ஸில் ஆளுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். கூடவே கழுத்தில் மாட்ட ஒரு சிறு கருவி. வழிகாட்டி மைக்கில் பேசுவது நம் காதில் விழும். கேட்க மட்டும்தான் முடியும். அதில் யாரும் பேச முடியாது. பஸ் கிளம்பும் முன் வரிசையாக எண்ணைச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு 25. எனக்கு 26.

"என் பையனுக்கும் ஒண்ணு குடுங்க தம்பி. லிஸ்ட்ல அவன் பேரு இருக்குல்ல."

வழிகாட்டி என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். 27ஆம் கருவி அக்காவின் கைப்பைக்குள் போனது.

பன்னிரண்டாம் எண் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. தினமும் தாமதமாகத்தான் குரல் கொடுப்பார். பின் சீட்டிலிருந்து யாராவது சீண்டுவார்கள்.

"ஏன் டீச்சர், லேட்டா வந்ததுக்கு எத்தனை பிள்ளைங்கள முட்டி போட வச்சீங்க? எல்லாம் அந்தப் பாவம்தான்!"

பஸ்ஸே சிரிக்கும். நான் "இருபத்தாறு" என்றதும் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். எல்லோரும் ஒரு நொடி காத்திருப்பார்கள். பிறகுதான் பஸ் நகரும்.

மார்ச் 9, காலை 10.15. ஆற்றங்கரை. அக்கா மகனின் கருவியைக் காதில் வைத்திருந்தாள்.

"யாரோ தட்டுறாங்கடா."

வாங்கிக் கேட்டேன். டங்… டங்… டங். இரும்பில் இரும்பு மோதும் சத்தம். சிறிது இடைவெளி. மறுபடியும் மூன்று.

என் கருவியில் அந்தச் சத்தம் இல்லை.

வழிகாட்டி பேட்டரியை மாற்றிக் கொடுத்தார். சத்தம் நிற்கவில்லை.

மார்ச் 11, மாலை 3.40. மலைக் கோயில். டங்… டங். இரண்டுதான்.

மார்ச் 13, காலை 11.05. ஒன்று. நீண்ட இடைவெளி… அப்புறம் ஒன்று.

மார்ச் 14, வியாழன், மாலை 4.45. கல்லறை.

உள்ளே வழிகாட்டிகள் பேசக் கூடாது என்பது அங்குள்ள விதி. எங்களவர் வாசலிலேயே எல்லாம் சொல்லி முடித்து, மைக்கை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். அதை நான் பார்த்தேன்.

இருபத்துநான்கு படிகள். குனிந்துதான் இறங்க வேண்டும். கீழே ஒரு சின்ன அறை. பாதிப் பேர் அறையில், மீதிப் பேர் படிகளில். காற்றே இல்லை.

அக்கா கல்லில் கையை வைத்து மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்று முறை. பின்னால் யாரோ விசும்பினார்கள்.

4.52.

விளக்கு அணைந்தது.

"யாரும் நகராதீங்க! நம்பர் சொல்லுங்க!" மேலிருந்து வழிகாட்டி கத்தினார்.

ஒன்று… இரண்டு… இருட்டிலிருந்து குரல்கள் வந்தன. பன்னிரண்டு தாமதமின்றி வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

இருபத்தைந்து.

இருபத்தாறு.

அமைதி.

அக்கா கருவியை என் காதில் அழுத்தினாள்.

மூச்சு…

மிக அருகில்.

"இருபத்தேழு…"

வறண்ட குரல். நான் தோளில் தூக்கி வளர்த்த பையனின் குரல்.

"மூடி… மூடியத் திறங்க…"

டங்.

விளக்கு வந்தது. மணி 4.54.

மேலே ஏறியதும் வழிகாட்டியின் மைக்கை வாங்கிப் பார்த்தேன். அணைந்தேதான் இருந்தது.

அக்கா என் சட்டையைப் பிடித்தாள். "நீயும் கேட்டேல்ல? சொல்லுடா. நீ லேசுல எதையும் நம்பமாட்ட. நீ கேட்டேன்னு சொன்னா, இப்பவே கம்பெனிக்குப் போன் போட்டு அந்தக் கப்பல்ல இருக்குற மூடியெல்லாம் திறந்து பாக்கச் சொல்லுவேன்."

பதினொரு நாளாக அவள் தூங்கவில்லை. இல்லாத நம்பிக்கையைக் கொடுத்து அவளை இன்னும் வதைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

"இல்லக்கா. எனக்கு ஒண்ணும் கேக்கல."

என் சட்டையை விட்டாள். பிறகு கருவியை அணைத்து வழிகாட்டியிடம் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் காலை, நான் "இருபத்தாறு" என்றதும் பஸ் கிளம்பிவிட்டது.

ஏப்ரல் 22 அன்று அந்தக் கப்பல் பழுது பார்க்கும் துறைக்கு வந்தது. காலியாக வைத்திருந்த குடிநீர்த் தொட்டி ஒன்றைத் திறந்தார்கள். துரு சுரண்ட அவன் அதற்குள் இறங்கியிருக்கிறான். ஆள் இருப்பது தெரியாமல் யாரோ மேல் மூடியைப் போட்டு போல்ட்டை முடுக்கிவிட்டார்கள். இயந்திரச் சத்தத்தில், அவன் தட்டியது எவர் காதிலும் விழவில்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்திருக்கிறது. சுரண்டும் இரும்பு கையிலேயே இருந்தது.

சுவரில், நாளுக்கு ஒன்றாகக் கோடுகள் கீறியிருந்தான். பதினொன்று. மார்ச் 4 முதல் எண்ணினால், கடைசிக் கோடு மார்ச் 14.

கோடுகளுக்குக் கீழே ஓர் எண். 27.

பஸ்ஸில் எங்களுக்கு எண் கொடுத்தது மார்ச் 8. அப்போது அவன் தொட்டிக்குள் போய் ஐந்து நாளாகியிருந்தது.

அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று குடும்பத்தில் யாருக்காவது தெரியுமா எனக் கேட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அக்கா பார்ப்பதற்கு முன் நான் அதைப் பிரித்தேன்.

தெரியாது என்று பதில் எழுதினேன்.