அந்தோனியார் வந்த அன்று அறுந்த லைன்

எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு என் வாய்க்கு ஒரு பெயர் உண்டு. பாரிஸில் இருக்கும் தங்கச்சியோடு சூசையம்மா போனில் கதைத்தால் கடற்கரை வரைக்கும் கேட்குமாம். கேட்கட்டும். அந்த வாயால்தான் முன்வீட்டு டக்சாயினிக்கு ஒரு வழி பிறந்தது என்பதை மட்டும் இவர்கள் ஒருவரும் சொல்வதில்லை.

டக்சாயினியின் புருஷன் வின்சன் கடலுக்குப் போகிறவன். முல்லைத்தீவுக் கடல் சில நாள் தரும், பல நாள் கையை விரித்துவிடும். அதனால் அவள் பிள்ளை பிறந்த பிறகும் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். விடியமுன்னரே பஸ் சந்தியில் வந்து நின்று கோன் அடிக்கும். நித்திரையில் கிடக்கும் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, தலையை வாரியும் வாராமலும் ஓடுவாள். பொழுதுபட்டு வரும்போது பிள்ளை மறுபடியும் நித்திரை. பெற்ற பிள்ளை கண் விழித்திருப்பதை ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் பார்த்தவள் அவள்.

பிறகுதான் கொழும்புக் கம்பனி ஒன்று வீட்டிலிருந்தே செய்கிற வேலை கொடுத்தது. இணையத்தில் சாமான் வாங்கிய தமிழ்ச்சனம் "என்ர பார்சல் எங்கே?" என்று எடுக்கும் கோல்களுக்குப் பதில் சொல்லவேண்டும். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அடுப்பெரிகிற குசினிக்குப் பக்கத்து அறையில் இருந்தால் போதும். ஆனால் முதலில் தற்காலிகம். திருப்தி என்றால்தான் நிரந்தரம்.

வேலை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வயரில் வரும் இணைய லைன்தான் காலை வாரியது. சோளகக் காற்று அடித்தால் போகும். குரங்கு தொங்கினால் போகும். கரண்ட் போனால் சொல்லவே தேவையில்லை. மறுமுனையில் ஆள் கோபமாகக் கதைத்துக்கொண்டிருக்கும்போது கோல் அறுந்து விழுந்தால், இவள் வேண்டுமென்றே வைத்துவிட்டாள் என்றுதானே நினைப்பார்கள்? மேற்பார்வைக்கு இருந்த லக்சிகா வவுனியாப் பிள்ளை, நல்லவள். அவளும் ஒருநாள் சொல்லிவிட்டாள்: "அக்கா, நானும் எவ்வளவுதான் சமாளிக்கிறது? இன்னொருக்கா இப்பிடி நடந்தால் உங்கட பேரை வெட்டிப்போடுவினம்."

அன்று டக்சாயினி என் வீட்டுக் கதிரையில் இருந்து அழுதாள். "திரும்ப அந்த பஸ்ஸிலை ஏற ஏலாது, சூசையக்கா. சின்னவள் இப்பத்தான் என்னைத் தேடத் தொடங்கியிருக்கிறாள்."

லைன் போனால் கைகொடுக்க இன்னொன்று வேண்டும் என்று, லைன் தந்த அதே கம்பனியின் சிம்மையே வாங்கி வந்தாள். அடுத்த முறை லைன் போனபோது சிம்மும் கூடவே போனது. நல்லவேளை, அந்த நேரம் கோல் ஒன்றும் இல்லை. வாய்வரை வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன். அதுவே பெரிய காரியம்.

அப்போதும் நான் தங்கச்சியோடு கதைத்துக்கொண்டுதான் இருந்தேன். டக்சாயினி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, எங்களுக்கு எல்லாம் செத்துப்போச்சு. உங்களுக்கு மட்டும் எப்பிடி?"

"இது வேறை கம்பனியடி. களப்புத் தண்ணிக்கு அங்காலை நிக்கிற கோபுரம். கரண்ட் போனாலும் அதுக்கு ஜெனரேற்றர் இருக்குது."

என் போனைப் பிடுங்கிக்கொண்டு அவள் தன் வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் நடந்தாள். களப்புப் பக்கத்து யன்னலில்தான் சிக்னல் முழுதாக நின்றது. அடுத்த கிழமையே என் கம்பனி சிம் போட்ட ஒரு பெட்டி அந்த யன்னலில் ஏறியது. பழைய லைன் விழுந்தால் தானாகவே இதற்கு மாறுகிற மாதிரி ஒரு பெடியன் வந்து பூட்டிக் கொடுத்தான். கரண்ட் போனாலும் பழைய லைனின் பெட்டியும் இதுவும் இயங்க, வின்சனின் படகுப் பற்றரி ஒன்று யன்னலுக்குக் கீழே வந்தது.

வின்சன் குமுறினான். "கடலுக்குப் போற பற்றரியை அறைக்குள்ள வைச்சு என்ன மீன் பிடிக்கப் போறீர்?"

அவள் ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பற்றரி அசையவில்லை.

அந்தோனியார் திருவிழா வந்தது. அவர் சிலையை வைத்துத் தூக்கி வரும் கூடு எங்கள் ஒழுங்கையால் வரும்போது தாழ்ந்து தொங்கும் வயர்களில் முட்டும். ஆகவே கொஞ்ச நேரத்துக்குக் கரண்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, நுனி பிளந்த கவர்த்தடிகளால் வயர்களைத் தூக்கிப் பிடிப்பார்கள். வருஷா வருஷம் முன்னால் தடி பிடிப்பவன் வின்சன்தான். டக்சாயினிக்கு வேலை. நிரந்தரமா இல்லையா என்று முடிவு சொல்கிற கிழமை, லீவு கேட்க முடியுமா? சின்னவள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள நான் போனேன். வாழ்நாளில் முதல்தடவை அந்தோனியாரை யன்னலால் பார்க்கிற விதி எனக்கு.

பாண்ட் வாத்தியச் சத்தம் நெருங்கியது. கரண்ட் போய், காற்றாடி நின்றது. பெட்டிகளின் வெளிச்சம் மட்டும் நின்றது. பற்றரி வேலை செய்கிறது! டக்சாயினி மன்னாரிலிருந்து கோல் எடுத்த ஒரு அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

மற்ற வீட்டு வயர்களையெல்லாம் வின்சன் அலட்சியமாகத் தூக்கிவிட்டு வந்தான். தன் வீட்டு லைனைக் கண்டதும் மனுஷன் தடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். "பாத்து, பாத்து! இது மனிசியின்ர லைன்!" என்று கத்திக்கொண்டு தடியை அதற்குக் கீழே கொடுத்தான். கூடு அதற்குக் கிட்டவும் வரக்கூடாதென்று உயர்த்தினான். இன்னும் உயர்த்தினான். எங்கள் கண் முன்னே அது டக்கென்று அறுந்து, கூட்டின் பூமாலையில் விழுந்து தொங்கியது.

திரும்பிப் பார்த்தேன். பழைய பெட்டியில் பச்சை வெளிச்சம் இல்லை. டக்சாயினியின் முகத்தில் இரத்தமில்லை.

"அம்மா, கொஞ்சம் பொறுங்கோ..."

யன்னல் பெட்டி இரண்டு தரம் மின்னியது. பிறகு நீலமாக நின்றது.

"ஓம் அம்மா, கேக்குது, கேக்குது. குக்கர் மூடிதானே? நாளைக்கு அனுப்புவினம்."

அந்தோனியாரே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வின்சன் ஓடி வந்தான். பதற்றத்தில் தடியைக் கீழே போடவும் மறந்து, அதோடேயே வாசலில் குறுக்காகச் சிக்கி நின்றான். "ஐயோ, நானே அறுத்துப்போட்டன்" என்று தொடங்கியவனின் வாயை நான் பாய்ந்து பொத்தினேன். அவள் ஹெட்செட்டோடு திரும்பி, கையால் பற்றரியைக் காட்டிச் சிரித்தாள். அவனுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. வெளியே சனம் கத்தியது: "வின்சன்! அந்தோனியார் நடு ஒழுங்கையிலை நிக்கிறார்!"

பொழுதுபட லக்சிகா கோல் எடுத்தாள். "இந்தக் கிழமை ஒரு கோலும் விழேல்லை, அக்கா. நிரந்தரம் எண்டு சொல்லிப்போட்டினம்." டக்சாயினி சின்னவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டாள். நானும் வெட்கமில்லாமல் அழுதேன், ஒழுங்கைக்கே கேட்கிற மாதிரி.

அடுத்த நாள் விடியமுன்னர் சந்தியில் தொழிற்சாலை பஸ் வழக்கம்போல் கோன் அடித்தது. நான் எழும்பிப் பார்த்தேன். முன்வீட்டில் லைற் எரியவில்லை. தாயும் பிள்ளையும் நல்ல நித்திரை.