தோற்காத தலைவர்

என் கணவர் தோற்கவில்லை. அதுதான் எங்கள் வீட்டுக்கு வந்த வினை. தோற்றிருந்தால் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் பிறகு எழும்பி மனுசராகியிருப்பார். கிழக்கு லண்டனில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு அந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முதலும் அவர்தான் தலைவர், கூட்டம் முடிந்த பிறகும் அவர்தான் தலைவர். நிர்வாக சபையில் அவருடைய ஆட்கள் ஒருவர்கூட மிஞ்சவில்லை, அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில் ஊர்ச் சண்டைக்குத் தப்பி எங்கள் சனத்தின் பிள்ளைகள் வந்தார்கள். காலூன்றியதும் தாய் தகப்பனைக் கூப்பிட்டார்கள். ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு வீட்டுக்குள் இரண்டு குடும்பம், மூன்று குடும்பம். மகனும் மருமகளும் ஷிப்டுக்குப் போய்விட, கிழடுகள் மேல்மாடி அறையில் கோட்டைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். காஸ் பில் ஏறிவிடும் என்று ஹீட்டரைப் போடப் பயம். யாழ்ப்பாணத்தில் தலைமையாசிரியராக இருந்த ஒருவரை என் கணவர் ஒருநாள் பஸ்ஸில் கண்டார். அவர் கடைசித் தரிப்பில் இறங்கி, அதே பஸ்ஸில் திரும்ப ஏறியிருக்கிறார்.

“எங்கை மாஸ்டர் போறியள்?” என்று இவர் கேட்க, “ஒரு இடமும் இல்லைத் தம்பி. பஸ்ஸுக்குள்ளை சூடா இருக்கு” என்றாராம்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். “இஞ்சாருமப்பா, இந்தச் சனத்துக்கு ஒரு மண்டபம் வேணும்” என்றார். பகலில் போய் இருந்து தேத்தண்ணி குடிக்க, கரம்போர்ட் விளையாட, நாலு கதை பறைய ஒரு சூடான இடம். அதற்குப் பிறகு அவர் வேறொன்றையும் யோசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை முடிந்ததும் மண்டபம் தேடப் போய்விடுவார். கடைசியில் எங்கள் தெருவுக்குப் பின்னால், மூடிக் கிடந்த ஒரு சின்னத் தேவாலய மண்டபம் விலைக்கு வந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தூசி படிந்த யன்னலுக்குள்ளால் பார்க்க வைத்தார். “அந்த மூலையிலை தேத்தண்ணி ஊத்தக் குசினி” என்றார். எனக்கு ஒரு மூலையும் தெரியவில்லை. “ஓம், நல்லாயிருக்கு” என்றேன்.

வாங்குவதற்கு நிர்வாக சபையின் சம்மதம் வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது.

எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். பதவிக்கு ஒருவருடைய பெயரைச் சொன்னால் அவர் உடனே தலையாட்ட மாட்டார். “ஐயோ, எனக்கு வேண்டாம், வேறை ஆரையும் போடுங்கோ” என்பார். சனம் திரும்பவும் கேட்கும். அவர் திரும்பவும் மறுப்பார். மூன்றாம் தரம் பெரிய மனது பண்ணி, “சரி, நீங்கள் இவ்வளவு சொல்லேக்கை” என்று எழும்புவார். கேட்டவுடன் ஓம் என்றால் பதவிக்கு அலைகிறவன் என்று பெயர் வந்துவிடும். ஊரில் வாசிகசாலையில் இருந்து கோயில் வரைக்கும் அப்படித்தான்.

அந்த வருடம் நகரக் கவுன்சிலின் பண உதவி கிடைக்க வேண்டுமென்றால் தேர்தலை வெளியாள் ஒருவர் நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கவுன்சிலில் இருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். நல்ல பெண், சிரித்த முகம். அவளுக்கு மொழிபெயர்க்க எழும்பியவர், இவருக்கு எதிரணியில் நின்ற ஒரு கணக்காளர். என் கணவரின் அணியில் ஒருவருடைய பெயரைச் சொன்னார்கள். அவர் எழும்பி, “எனக்கு வேண்டாம்” என்றார். கணக்காளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அவள் நன்றி சொல்லிப் பெயரை வெட்டினாள். அடுத்தவரும் மறுத்தார், அவருடைய பெயரும் போனது. இப்படியே எங்கள் பக்கத்து மனிதர்கள் எல்லோரும் பண்போடு எழும்பி, பண்போடு மறுத்து, பண்போடு இருந்தார்கள். திரும்பக் கேட்பார்கள் என்று காத்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. மற்றப் பக்கத்து இளந்தாரிகள் கேட்டவுடன் “ஓம்” என்றார்கள்.

கணக்காளருக்கு அந்தப் பழக்கம் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அவரும் ஊரில் பிறந்தவர்தானே.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் கணவர் தன் கையாலும் கெட்டார். சங்கத்தின் யாப்பை, அதாவது சட்டவிதிகளை, எழுதியவர் அவர். நிர்வாக சபைக்கு ஒரு வருடம், தலைவருக்கு மூன்று வருடம் என்று எழுதி வைத்திருந்தார். நிர்வாகம் தடுமாறினாலும் தலைவர் நிலையாக நிற்க வேண்டுமாம். நின்றார். தனியே நின்றார்.

கணக்காளர் செயலாளரானார். மண்டபம் இல்லாததால் கூட்டங்கள் எங்கள் வீட்டு முன்னறையில்தான் நடந்தன. ஒவ்வொரு மாதமும் இவர் மண்டபத் தீர்மானத்தைக் கொண்டுவருவார். ஒவ்வொரு மாதமும் எதிராகக் கை உயரும். நான் சுட்ட வடையைத் தின்ற கைதான் உயரும், எண்ணெய்கூடத் துடைத்திருக்க மாட்டார்கள். ஒரு மாதம் கோபத்தில் எல்லோருடைய தேத்தண்ணிக்கும் சீனி போடாமல் கொடுத்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு, எதிராகக் கை தூக்கிவிட்டுப் போனார்கள்.

மரியாதைக்குக் குறைவில்லை. “தலைவர் ஐயா” இல்லாமல் அவர்களுக்கு ஒரு வசனம் ஓடாது. கலைவிழாவில் முதல் மாலை அவருக்கு, மங்கள விளக்கு அவருக்கு, முன் வரிசை நடுவில் பெரிய கதிரை அவருக்கு. மாலையோடு வீட்டுக்கு வந்து அதைக் கழற்றாமலே கட்டிலில் இருப்பார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வெளியே போனால் கிழவர்கள் மறித்து, “தம்பி, மண்டபம் என்ன மாதிரி?” என்று கேட்டார்கள். தன் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “பாப்பம்” என்பார். அதற்குப் பிறகு கடைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

பதவியை விட்டுவிடுங்கோ என்று நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். “மண்டபத்தை வாங்கிப்போட்டு விடுறன்” என்பார். அடுத்த வருடத் தேர்தலிலும் அதே ஆட்கள்தான் வந்தார்கள். அந்தக் காலத்தில் இலங்கையிலும் ஒரு ஜனாதிபதி பாராளுமன்றத்தை எதிர்க்கட்சியிடம் பறிகொடுத்துவிட்டுச் சும்மா கதிரையில் இருந்தார். “பாத்தியளே, உங்களை மாதிரியே ஒரு ஆள்” என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மனுசன் சில மாதத்தில் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். என் மனுசன் போகவில்லை.

போகாதது மட்டுமல்ல, மாறிப்போனார். தலைவர் கையெழுத்து இல்லாமல் செல்லாது என்று யாப்பில் இருந்தவற்றையெல்லாம் பிடித்துக்கொண்டார். அவர்கள் மண்டபத்தை மறுத்தார்கள், இவர் விளையாட்டுப் போட்டிக்குக் கையெழுத்து வைக்க மறுத்தார். பிறகு தமிழ் வகுப்புப் பரிசளிப்புக்கும் மறுத்தார். அந்த வகுப்பை எங்கள் முன்னறையில் தொடங்கியவரே அவர்தான். ஒருநாள் மளிகைக் கடையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், “அந்த மனுசன் இருக்குமட்டும் சங்கம் உருப்படாது” என்று மற்றவளுக்குச் சொன்னாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. திரும்பி நாலு வார்த்தை கேட்கத்தான் நினைத்தேன். கேட்க முடியவில்லை. அவள் சொன்னதில் உண்மை இருந்தது.

தேவாலய மண்டபத்தைக் கம்பளம் விற்கிற ஒருவன் வாங்கினான். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. சலரோகம் என்கிற சீனி வியாதி முதலே இருந்தது, பிறகு இருதயமும் சேர்ந்துகொண்டது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தும், அடுத்த கூட்டத்தில் எந்த இரண்டு பேர் மாறி வாக்களிக்கக்கூடும் என்று என்னோடு ஆராய்ந்தார். பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை, என்னைப் பற்றியும் இல்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “பேசாமல் படுங்கோ” என்றேன். மாசி மாதக் குளிரில் தலைவராகவே செத்தார்.

அந்த வருடமே குட்மேய்ஸில் ஒரு மண்டபம் வாங்கினார்கள். ஏகமனதாக. அவருடைய பெயரையே வைத்தார்கள். படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு, திறந்து வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே நல்ல சூடாக இருந்தது. வந்து இருந்த கிழவர்களில் பலர் புது முகங்கள். என் கணவரை வழியில் மறித்துக் கேட்ட முகங்களைத் தேடினேன். மண்டபம் வரும் வரும் என்று அவர்கள் இரண்டு மூன்று குளிர்காலத்தைப் பார்த்துவிட்டு, போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

செயலாளரைக் குசினிப் பக்கம் கூப்பிட்டேன். “அப்ப ஏன் வேண்டாம் எண்டனீங்கள்? எனக்கு இப்ப சொல்லுங்கோ.”

அவர் குசினிக் கதவைச் சாத்தினார். “அக்கா, மண்டபம் தேவை எண்டு எங்களுக்கும் தெரியும். அண்ணை வாங்கியிருந்தால் பிறகு அவரை ஒருதராலும் அசைச்சிருக்க ஏலாது. அவர் விலகினால் அடுத்த நாளே வாங்கிறதெண்டுதான் நாங்கள் இருந்தனாங்கள்.”

“அதை அவரிட்டைச் சொன்னனீங்களே?”

“எப்பிடியக்கா சொல்லுறது? தலைவரெல்லே.”

அவரை அறையவேண்டும் போல இருந்தது. இவர் போகட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள், மண்டபம் வரட்டும் என்று இவர் காத்திருந்தார். நடுவில் கிழவர்கள் குளிரில் கிடந்தார்கள். என் முன்னறையில், என் வடைத் தட்டுக்கு முன்னால், ஒரே ஒரு தரம் யாராவது இதை வாய் திறந்து சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே பதவியை விட்டிருப்பார் என்று செயலாளருக்குச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்தார்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அதைத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். அவரோடு வாழ்ந்தவள் நான். விட்டிருக்க மாட்டார்.