மரியா பார்த்த அக்கா

சந்திரலேகா சிதம்பரத்தில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். வீடு திருப்பாதிரிப்புலியூரில், தினமும் ரயிலில் போய்வருவாள். அப்பா கலியமூர்த்தி திட்டக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். கடலூருக்கு வந்து பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருந்தார்.

அந்த வீட்டில் கடலைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. சந்திரலேகா தாயின் வயிற்றில் இருந்தபோது சுனாமி வந்தது. அன்று காலை மூத்த மகள் தமிழ்ச்செல்வியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போன கலியமூர்த்தி, தனியாகத் திரும்பினார். ஐந்து வயதுப் பிள்ளை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

கல்லூரியில் ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க வாய்ப்பு வந்தது. போலந்தில் ஒரு கடலோரச் சிற்றூர், இல்லையென்றால் கடலே இல்லாத ஹங்கேரி. முதலாவதில் கடல் மீன்களைப் பற்றிய படிப்பு, இரண்டாவதில் ஏரி மீன். சந்திரலேகா யோசிக்கவே இல்லை. போலந்துதான் என்று முடிவு செய்துவிட்டாள்.

அங்கே தங்கப்போகும் வீட்டுக்கார அம்மாவிடம் முதலில் வீடியோவில் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். சிதம்பரம் கீழவீதியில் இருந்த தோழி பிரீதாவின் வீட்டு மாடியிலிருந்து பேசினாள். நல்ல வெயில். பிரீதாதான் எதிரே நின்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மரியா என்ற அந்த அம்மா சிரித்த முகத்தோடு அறையைக் காட்டினாள். பிறகு கேட்டாள்:

“உன் அக்காவும் வருகிறாளா? அவளுக்கும் ஒரு கட்டில் போடட்டுமா?”

“எந்த அக்கா?”

“உன் பின்னால் நிற்கிறாளே. தலை ஏன் அப்படி நனைந்திருக்கிறது?”

சந்திரலேகா திரும்பிப் பார்த்தாள். வெள்ளையடித்த சுவர். கொடியில் ஒரு துண்டுகூட இல்லை. பிரீதா முகம் வெளுத்துப்போய், “பின்னாடி யாருமே இல்லையேடி” என்றாள்.

இணையக் கோளாறாக இருக்கும் என்று சந்திரலேகா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். வீட்டில் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். கலியமூர்த்தி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அம்மா ராசம்மாள் மட்டும் நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

“பெரிய பொண்ணாவா இருந்தாளாம்?”

“ஆமாம்மா. என்னைவிடப் பெரியவன்னுதான் சொன்னாங்க.”

“இருவத்தாறு ஆவுது அவளுக்கு” என்றாள் ராசம்மாள். “அந்தம்மாகிட்ட நானும் பேசணும்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சந்திரலேகா மறுபடி கூப்பிட்டாள். மரியா நெடுநேரம் திரையையே பார்த்தாள்.

“அவ எங்க நிக்குறா, கேளு” என்றாள் ராசம்மாள். சந்திரலேகா ஆங்கிலத்தில் கேட்டாள்.

“அம்மாவுக்குப் பக்கத்தில். தோளில் கை வைத்திருக்கிறாள்” என்றாள் மரியா. பிறகு தயங்கினாள். “மன்னித்துவிடு. உங்களுக்கும் தெரிகிறாள் என்றுதான் நினைத்தேன்.”

ராசம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையை மெல்ல உயர்த்தி, தன் இடது தோளின் மேல் வைத்துக்கொண்டாள். எதையோ மூடிப் பிடிப்பது போல அந்தக் கை குவிந்திருந்தது. வாசற்படியில் நின்றிருந்த கலியமூர்த்தி செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தார்.

அன்றிலிருந்து ராசம்மாள் ஆளே மாறிப்போனாள். சமைக்கும்போது பாடினாள். போலந்தில் குளிர் எப்படி என்று விசாரித்தாள். கடைக்குப் போய் ஒரே மாதிரி இரண்டு ஸ்வெட்டர் வாங்கி வந்தாள்.

“நீ அங்கியே போ. அவளும் உன்கூட வருவா. ஜாஸ்தி யோசிக்காத.”

கலியமூர்த்தி மகளைத் தனியாகக் கடைக்கு வரச்சொன்னார். “கடல் இல்லாத ஊருக்குப் போம்மா” என்றார். நட்டுகளை எடுத்து ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

இரண்டு நாள் கல்லூரிக்குப் போய்வரும் ரயிலில் சந்திரலேகா ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். அக்காவை நினைத்து அவளுக்குப் பயம் வரவில்லை. போலந்தில் மரியா வீட்டுக்குப் போனால் அம்மா வீடியோவில் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் தன் முகத்தைத் தாண்டி அக்காவைத்தான் தேடுவாள் என்பது தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை. பெயரை ஹங்கேரிக்கு மாற்றிக் கொடுத்தாள்.

ராசம்மாள் சண்டை போடவில்லை. இரண்டு ஸ்வெட்டரையும் பெட்டியில் வைத்தாள். சந்திரலேகா ஒன்றை எடுத்து வெளியே வைத்தாள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தபோது இரண்டும் உள்ளே இருந்தன.

ஹங்கேரியில் அவளுக்குச் சின்ன அறை. ஜன்னலுக்கு வெளியே டிராம் வண்டி போகும். வகுப்பு பிடித்திருந்தது, ஏரி மீன்களும் பிடித்துப்போயின. முதல் வார முடிவில் மதியம் அம்மா கூப்பிட்டாள்.

“நல்லா இருக்கியாடி? குளிருதா?”

“நல்லா இருக்கேம்மா.”

“போனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பு.”

சந்திரலேகா திருப்பினாள். ஒரு காலி நாற்காலி, கதவு, அவ்வளவுதான். அம்மா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். “சாப்ட்டீங்களா ரெண்டு பேரும்?” என்றாள்.

சந்திரலேகா நாற்காலிப் பக்கம் பார்க்கவில்லை.

“சாப்ட்டோம்மா” என்றாள்.