ரேவதி என்று பெயர் வெட்டிய குடம்

"நான்தான் சார் மாத்தி எழுதினேன்."

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இந்த நான்கு வார்த்தைகளைத்தான்.

ஷெட் முழுக்க கற்பூரமும் மிஷின் ஆயிலும் கலந்த வாசனை. வாசலில் உடைத்த பூசணிக்காய். பிரஸ் மிஷின்கள் எல்லாம் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு, வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் சத்தமில்லாமல் நின்றன... ஆயுத பூஜை.

வல்லம் வடகாலில் அது ஒரு சின்ன கம்பெனி. கார் சீட்டுக்கு அடியில் போகிற பிராக்கெட் செய்வோம். மொத்தம் பத்தொன்பது பேர். டிகிரி முடித்த கையோடு ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்து எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் ஒழுங்காக ஓட்டினால்தான் பர்மனென்ட்.

தீபாவளி போனஸ் எல்லா இடத்தையும் போல பேங்கில் விழுந்துவிடும். ஆனால் பூஜை அன்றைக்கு ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பது எங்கள் சாரின் வழக்கம். அதில் வாங்குகிறவர் பெயர் வெட்டியிருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பில் இருக்கும் பெயரை உரக்கப் படிப்பார். அந்த ஆள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். முதலாளி ஆவதற்கு முன்னால் லேத் மிஷின் ஓட்டியவர் அவர்.

"நாம செய்ற பீஸ் எதுலயும் நம்ம பேரு இருக்காது. இதுலயாவது இருக்கட்டும்" என்பார்.

அந்த வருஷம் என்ன வாங்கலாம் என்று எல்லோரையும் விசாரித்து முடிவு பண்ணச் சொல்லி என்னிடம் விட்டுவிட்டார்.

முதலில் முருகனைக் கேட்டேன். பிரஸ் ஆபரேட்டர், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், இருங்காட்டுக்கோட்டையில் ஆறு பேரோடு ஒரு ரூமில் இருந்தான்.

"ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கச் சொல்லுங்க மேடம். அதுல பேரு வெட்டுனாலும் சரிதான்."

கஸ்தூரி அக்கா வடக்குப்பட்டுக்காரர். பிராக்கெட்டில் பிசிறு தேய்க்கிற டேபிளில் பன்னிரண்டு வருஷம். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"குடம் வாங்கச் சொல்லு கண்ணு. எம் பொண்ணு ரேவதிக்குத் தை மாசம் கல்யாணம் வெச்சுக்கீது. சீர்ல குடம் ஒண்ணுதான் கொறையுது. எம் பேருக்குப் பதிலா அது பேரப் போட்டுடு. எம் பேரு போட்டத வெச்சா, கம்பெனில குடுத்தத இங்க தள்ளிவுட்டுட்டான்னு பேசுவாங்க."

"சாரைக் கேட்டுடலாமேக்கா?"

"வோணாம். அவுரு ஆசையா போட்டுக் குடுக்கறாரு. எம் பேரு வோணாம்னு எந்த வாயால சொல்றது?"

எல்லோருக்கும் குடம் என்றே முடிவானது. பூஜைக்கு முன்னாலேயே அந்த ஒரு குடத்தை மட்டும் எடுத்து அக்காவிடம் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. லிஸ்டில் கஸ்தூரிக்குப் பதில் ரேவதி என்று எழுதி, ஸ்ரீபெரும்புதூர் பாத்திரக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். பெயர் வெட்டுகிற மிஷின் கிர்ர்ர் என்று இரைந்துகொண்டிருந்தது.

ஆனால் குடங்கள் பூஜை நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. வேனிலிருந்து இறக்கியவர்கள் நேராகக் கொண்டுபோய் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டார்கள். சார் பக்கத்திலேயே நின்றார். என்னால் கிட்டப் போக முடியவில்லை.

பாதி பேர் வாங்கிப் போன பிறகு, சார் அதைக் கையில் எடுத்தார்.

"ரேவதி."

யாரும் வரவில்லை.

"ரேவதி... யாரும்மா அது நம்மகிட்ட?"

"புது ஜாயினிங்கா சார்? எந்த ஷிப்டு?" என்றான் முருகன். ஷெட்டே சிரித்தது.

சார் சிரிக்கவில்லை. மீதிக் குடங்களின் விளிம்பைப் பார்த்தார். எதிலும் கஸ்தூரி இல்லை. கையிலிருந்த குடத்தைத் தனியாக வைத்தார். "கடைக்காரன் மாத்திட்டான். திருப்பி அனுப்பி, இந்தப் பேரத் தேச்சுட்டு கஸ்தூரின்னு வெட்டினு வரச் சொல்லு. பன்னெண்டு வருஷம் ஒழைச்ச பொம்பளைம்மா அது!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ லிஸ்ட் சரியாத்தான குடுத்த?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் தரையில் சிதறிக் கிடந்த பொரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது எம் பொண்ணு பேரு சார்."

அக்கா முன்னால் வந்து நின்றார். "நாந்தான் கடைக்குப் போயி மாத்தச் சொன்னேன். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. தை மாசம் கல்யாணம் சார், சீருக்குன்னு..."

அந்தக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுகூட அக்காவுக்குத் தெரியாது.

சார் அக்கா பக்கம் திரும்பினார். "அப்ப உம் பேரு?"

"அதான் வூட்டுல கீற அத்தினி பாத்திரத்துலயும் கீதே சார். இது ஒண்ணு அதுங்கூடப் போவட்டும்."

சார் குடத்தை மறுபடி எடுத்தார். மற்றவர்களைக் கூப்பிட்ட அதே குரலில், இன்னும் கொஞ்சம் உரக்க, "ரேவதி!" என்று கூப்பிட்டார்.

அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில், ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"உனுக்கு மூணு மாசம். எனுக்குப் பன்னெண்டு வருஷம். திட்டு வாங்குனா யாருக்கும்மா தாங்கும்?"

இப்போது ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனியில் எச்.ஆர். வேலை. தீபாவளிக்கு கிஃப்ட் வவுச்சர், மெயிலில். ஒரு பட்டனைத் தட்டினால் எல்லோருக்கும் போய்விடும். யாரையும் எதுவும் விசாரிக்க வேண்டியதில்லை. பெயர் மாறிப் போவதற்கு வழியே கிடையாது. போன வாரம் அனுப்பி முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த கிர்ர்ர் சத்தம் ஞாபகம் வந்தது...

அன்றைக்குக் குடங்களோடு வந்த பில்லில், என் கையெழுத்தில் ரேவதி என்று இருந்த அந்த லிஸ்டையும் கடைக்காரர் பின் பண்ணி அனுப்பியிருந்தார். பூஜைக்கு மறுவாரம் சார் அதை என் எதிரிலேயே படித்தார். ஃபைலில் வைத்தார். எதுவும் கேட்கவில்லை.

அடுத்த மூன்று மாதத்தில் நான் பர்மனென்ட் ஆனேன்.

அடுத்த வருஷம் லிஸ்ட் வேலையை மறுபடி என்னிடமே கொடுத்தார். "எந்தப் பேரு வெட்டணும்னு ஒவ்வொருத்தரையும் கேட்டு எழுதும்மா" என்றார்.

முருகன் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, "யாருன்னு மட்டும் கேக்காதிய மேடம்" என்றான்.

பத்தொன்பது பேரில் பதினொரு பேர் தங்கள் பெயரைச் சொல்லவில்லை.