இடுப்புக்குப் பற்றாத ஒட்டியாணம்

1. பாதி வழியில் நின்ற தாலித் தட்டு

தாலித் தட்டு பந்தலில் சுற்றிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டு அடுத்தவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தட்டு மூன்றாவது வரிசைக்கு வந்த நேரத்தில் மணவறையில் உட்கார்ந்திருந்த கமலம் சரிந்தாள். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை மேல்கூட விழவில்லை. நேரே முன்னால், ஓமத் தீக்கு ஒரு சாண் இப்பால், நெற்றி தரையில் மோத விழுந்தாள். நாதஸ்வரம் நின்றுவிட்டது.

பினாங்கில் இருபத்தெட்டு வருஷம் பெண் ஜோடித்தவள் நான். கல்யாண வீட்டில் பெண்ணுக்குத் தலை பின்னி, பூ வைத்து, நகை பூட்டி, சேலை கட்டி மணவறையில் கொண்டுபோய் உட்கார வைப்பது என் தொழில். இப்போது இந்த வேலைக்கு வரும் பெண்கள், "அக்கா, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க லா" என்று கேட்கிறார்கள். பவுடர் எவ்வளவு பூசுவது, கொண்டைக்கு எத்தனை ஊசி என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கமலம் விழுந்தாளே, அதற்குக் காரணம் நான்.

2. என் பெட்டியும் என் வாயும்

அப்போது என்னிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. ராக்கொடி, ஜடைபில்லை, நெற்றிச்சுட்டி, குஞ்சலம், சவுரி, மலாய்க்காரப் பெண்கள் அரிசியை ஊறவைத்துச் செய்யும் பெடாக் மாவு எல்லாம் அதில் இருக்கும். மேலே பட்டுத் துணியில் சுற்றி ஒட்டியாணம். வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியது. நடுவில் சிவப்புக் கல் வைத்த மயில். பின்பக்கம் திருகாணி போட்டு மூட வேண்டும். ஒரே அளவுதான், கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ஜார்ஜ் டவுனில் கல்யாணம் என்றால் தாலி கட்டிய கையோடு ரிக்ஷா பிடித்துச் சீனர் ஸ்டூடியோவுக்குப் போய்ப் போட்டோ எடுப்பது புது ஸ்டைல். போட்டோவில் இடுப்பு சின்னதாகத் தெரிய வேண்டும், இடுப்பில் என் மயில் தெரிய வேண்டும். அந்த மயிலுக்காகவே என்னைத் தேடி வந்தார்கள். இடுப்புக்குச் சரியாக இருந்தவர்களுக்குப் பூட்டிவிட்டேன். பற்றாதவர்களுக்கு? ஒட்டியாணத்தை மாற்றலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. பெண்ணை மாற்றச் சொன்னேன்.

அதோடு வாய் வேறு சும்மா இருக்காது. முகம் மினுங்கப் பயத்தமாவு, வயிறு சுத்தமாக விளக்கெண்ணெய், இடுப்பு மெலியப் பட்டினி. பாதி நான் கண்டது, பாதி காதில் விழுந்தது, எல்லாவற்றையும் ஒரே உறுதியோடு சொல்வேன். நாலு எழுத்துப் படித்த டாக்டர்கூட அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டார்.

3. சோற்றுக்கடைக்காரர் மகள்

கமலத்தின் அப்பா முத்தையா அண்ணன் பினாங்கு ஸ்ட்ரீட்டில் சோற்றுக்கடை வைத்திருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களிலிருந்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகள் வரை அவர் இலையில் சாப்பிடாதவர்கள் இல்லை. ஒருவரையும் அரை வயிற்றோடு எழுந்திருக்க விடமாட்டார். "இன்னொரு கரண்டி வாங்கிக்க, சும்மா வாங்கிக்க" என்று நிற்பார். மனைவி தவறிப்போய் ஆறு வருஷம். இருந்தது ஒரே பெண். மகளுக்கான சோற்றை அடுக்குப் பாத்திரத்தில் போட்டுத் தினமும் அவரே டத்தோ கிராமட் ரோட்டு வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடுவார்.

மாப்பிள்ளை தங்கவேலு, நிபோங் திபாலில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கிராணி. தாயார் காத்தாயி அம்மாள் பால் மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்தே மகனைப் படிக்க வைத்தவர். கெட்டிக்காரி, கறார்க்காரி என்று பேச்சு.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அளவு பார்க்கப் போனேன். கமலம் பூசினாற்போல உடம்பு. நல்ல லட்சணம். ஒட்டியாணத்தை வைத்துப் பார்த்தால் இரண்டு விரற்கடை பற்றவில்லை.

"கயிறு வச்சுக் கட்டிக்கலாமாக்கா?" என்று கேட்டாள் கமலம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கயிறா? இது என்ன மாட்டு வண்டியா? போட்டோல பார்த்தவங்க என் மூஞ்சில காறித் துப்புவாங்க. பத்து நாள் வாயக் கட்டு. ராத்திரிச் சோறு வேணாம். காலையில ரெண்டு முழுங்கு வினிகர் குடி. கான்வென்ட் பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான் இடுப்பைக் குறைக்குதாம்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா வைவாரே."

"அப்பாகிட்ட யாரு சொல்லப் போறா?"

இந்த வார்த்தையும் என் வாயிலிருந்து வந்ததுதான்.

நான் இரவுச் சோற்றைத்தான் நிறுத்தச் சொன்னேன். அந்தப் பெண் எல்லாச் சோற்றையும் நிறுத்திவிட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பா கொண்டுவந்து வைத்ததைப் பக்கத்துப் பால்காரர் மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு, அடுக்கைக் கழுவித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். முத்தையா அண்ணனுக்கு ஒரே பெருமை. வழியில் என்னைப் பார்த்தவர், "கல்யாணக் களை வந்துருச்சு தங்கச்சி, இப்பல்லாம் பிள்ள ஒரு பருக்கை மிச்சம் வைக்கிறதில்ல" என்று சிரித்தார். அடப் பாவமே! நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை ஒட்டியாணத்தைப் பூட்டினேன். திருகாணி டக்கென்று இறங்கியது. "ஆகா, ராணி மாதிரி இருக்கே!" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தேன்.

"தலை சுத்துதுக்கா."

"மாப்பிள்ளையை நினைச்சா சுத்தத்தான் செய்யும். நாளைக்குத் தாலி ஏறுற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படக் கூடாது. கூறைச் சேலையோட கொல்லைக்குப் போக முடியாது, தெரிஞ்சுக்க."

இது எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்கிற வழக்கம். பெண் வெளியே போக வேண்டும் என்றால் சேலையை அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும், முகூர்த்தம் தவறிப்போகும். அதனால் நேற்றுச் சாப்பிட்டவளா, நாலு நாளாகச் சாப்பிடாதவளா என்று கேட்காமலே எல்லாப் பெண்களின் வாயையும் கட்டிவிடுவோம்.

4. இரும்புச் சாவி

மறுபடி மணவறைக்கு வருகிறேன். கமலம் விழுந்ததும் யாரோ ஒரு நல்ல மனுஷர் ஓடிவந்து இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தார். உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்தார். ஆனால் கையில் இரும்பைக் கொடுத்தால் அது எந்த நோய்க்கு என்று கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். பந்தல் முழுக்கக் குசுகுசுவென்று ஒரே பேச்சாகிவிட்டது. "வலிப்பு. காக்கா வலிப்பு."

காத்தாயி அம்மாள் எழுந்தார். நேரே மூன்றாவது வரிசைக்குப் போய்த் தாலித் தட்டை வாங்கிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"நோய்க்காரிய எம்புள்ள தலையில கட்டப் பாத்தீங்களா? நேத்து ரயிலேறிப் பிறை ஸ்டேஷன்ல எறங்கி, பெரிக் கப்பல்ல கடல் தாண்டி இதுக்கா வந்தோம்? தங்கவேலு, எந்திரி!"

தங்கவேலு எழுந்திருக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கமலத்துக்கு விசிறிக்கொண்டிருந்தான். "எந்திரிடா!" என்று மறுபடி அதட்டினார். அவன் காதில் விழாதது போல விசிறினான்.

முத்தையா அண்ணன் தாம்பாளத்தோடு நின்ற இடத்திலேயே நின்றார். முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, என் பிள்ளைக்கு ஒரு நோயும் கெடையாது. ஒரு நாள் தலைவலின்னு படுத்ததில்ல" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை வீடு எழுந்து போய்விட்டால் அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு யார் கேட்டு வருவார்கள்? வலிப்பு என்கிற பேர் பிறை தாண்டிக் கெடா வரை போய்விடும்.

நான் கமலத்தை மடியில் போட்டிருந்தேன். மூச்சு மேலே மேலே வாங்கியது. ஒட்டியாணத்தைக் கழற்றலாம் என்றால் திருகாணி சிக்கிக்கொண்டு நகரவில்லை. என் விரலில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். வெற்றிலைத் தட்டிலிருந்த பாக்குவெட்டியை எடுத்துத் திருகாணியை நறுக்கினேன். ஒட்டியாணம் படக்கென்று திறந்தது. சேலைக்கு மேலேயே தடம் பதிந்திருந்தது. கமலம் ஒரு பெரிய மூச்சு இழுத்தாள்.

அந்த மூச்சைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. இது நோய் இல்லை. இது நான் செய்த வேலை. சொல்லாவிட்டால் இந்தப் பெண் வாழ்க்கை போயிற்று. சொன்னால் என் தொழில் போயிற்று. யோசித்தேன் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரு நொடி வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அது உண்மை.

"வலிப்பு இல்லம்மா" என்று கத்தினேன். "பசி! பத்து நாளா இந்தப் பிள்ள ஒழுங்காச் சோறு தின்னல. இந்த ஒட்டியாணம் பத்தலன்னு நான்தான் வாயக் கட்டச் சொன்னேன். நேத்திலிருந்து தண்ணிகூடக் குடிக்க விடல. எல்லாம் நான் செஞ்சது."

காத்தாயி அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ காசு வாங்கிட்டுப் பொண்ணு ஜோடிக்க வந்தவ. பொண்ணு வீட்டுக்குச் சாதகமாத்தான் பேசுவே."

முத்தையா அண்ணன் பக்கம் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசியா?" என்றார். "என் பிள்ளைக்கா பசி?"

அவ்வளவுதான். தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டுச் சமையல் கொட்டகைக்கு ஓடினார்.

5. பந்தியில் பார்த்த சாட்சி

தாலி ஏறுவதற்கு முன் பெண் சாப்பிடுவது வழக்கத்தில் இல்லை. ஐயர் ஏதோ சொல்ல வந்தார், முத்தையா அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முதலில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். கமலம் கண்ணைத் திறந்தாள். அதற்குப் பிறகு ரசத்தில் குழையப் பிசைந்த சோறு. அவரே ஊட்டினார். முதல் இரண்டு வாய் மெதுவாக இறங்கியது. மூன்றாவது வாய்க்குக் கமலம் அப்பாவின் கையையே பிடித்து வாய்க்கு இழுத்தாள். அப்புறம் கிண்ணத்தைத் தானே வாங்கிக்கொண்டாள். மணப்பெண் என்கிற நினைப்பே இல்லை. நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் தொங்க, மருதாணிக் கையால் வழித்து வழித்துச் சாப்பிட்டாள். புடவையில் சிந்தியதைக்கூடப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

காத்தாயி அம்மாள் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைகள் தட்டை விட்டு மெல்ல விலகின.

"போதும். இது வலிப்பு இல்ல" என்றார். "கப்பல்ல வந்தப்ப எங்கம்மா இப்பிடித்தான் சோத்த அள்ளுச்சு. கீழ விழுந்த பருக்கையக்கூட விடல. பக்கத்துல உக்காந்து பாத்தவ நான். நோயாளி தின்னுறதும் எனக்குத் தெரியும், பசிச்சவ தின்னுறதும் எனக்குத் தெரியும்."

எழுந்து வந்து கமலத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் அவள் வாயைத் துடைத்தார். "மெதுவாத் தின்னு தாயி. நெஞ்ச அடைச்சிக்கும். எங்க வீட்டுல நகைநட்டு கம்மி. சோத்துக்குக் குறைச்சல் இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார். அடிப்பாரோ என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "எம்மா, நாங்க பசிக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவங்க. நீ அந்தப் பசிய வெல பேசிப் பொண்ணுங்க இடுப்புல கட்டுறியே!" என்றார். தட்டைத் தங்கவேலுவின் கையில் கொடுத்தார். முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரம்தான் மிச்சம். தாலி ஏறியது.

6. சிவப்புக் கயிறு

ஸ்டூடியோவுக்குப் போகும் முன் கமலம் ஒட்டியாணத்தைக் கேட்டாள். எனக்கு அதைத் தொடவே அருவருப்பாக இருந்தது. அவளே எடுத்து, பின்பக்கம் சிவப்புக் கயிறு போட்டுத் தளர்வாகக் கட்டிக்கொண்டாள். போட்டோவில் மயில் நன்றாகவே விழுந்தது. கயிறு தெரியவே இல்லை. எத்தனை பெண்களை எதற்காகப் பட்டினி போட்டேன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்த ஒட்டியாணத்தை நான் பழுது பார்க்கவில்லை. திருகாணி இல்லாமலே, இரண்டு பக்கமும் கயிறு கோத்து, அதற்குப் பிறகும் என்னைக் கூப்பிட்ட பெண்களுக்கெல்லாம் கட்டினேன். சிலர் "பழசா?" என்று முகம் சுளித்தார்கள். போகட்டும். கல்யாண வீட்டில் காலெடுத்து வைத்ததும் பெண்ணுக்கு நாலு இட்லி கொடுத்து, சாப்பிடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுத்தான் சீப்பைத் தொட்டேன். சேலையை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தால் கட்டினேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைச் செய்தால் போதும். கொண்டை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் யாரும் சாகப்போவதில்லை.

முத்தையா அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னைப் பற்றி வெளியில் குறை சொல்லவும் இல்லை. பினாங்கு ஸ்ட்ரீட் பக்கம் போனால் கூப்பிட்டு உட்கார வைப்பார். தானே இலை போட்டு, சோற்றை மலையாகக் குவித்து, எதிரில் நிற்பார்.

"வயித்த இறுக்காம சாப்பிடு தங்கச்சி" என்பார்.

அவர் மனசில் வைத்துக்கொண்டு சொன்னாரா, வந்தவர்களுக்கெல்லாம் சொல்வதைத்தான் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அவர் கடை மூடும் வரைக்கும் ஒரு நாள்கூட அந்த இலையை நான் முழுசாகச் சாப்பிட்டு முடித்ததில்லை.