முடித்துக் கொடுக்காதவர்கள்

எனக்குத் திக்குவாய். அதிலும் ‘ப’வில் தொடங்கும் சொல் என்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்கு இப்படி ஒரு வாய். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் என்ன வேலை என்று கேட்டால், நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சாத்தூரில் இறங்கி வீட்டுக்கே போயிருப்பார்.

பாதிப் பேர் அதுவரை காத்திருக்கவும் மாட்டார்கள். நான் முதல் எழுத்தில் நிற்கும்போதே மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். கண்டக்டர் என் வாயைப் பார்த்துத் தானாகவே ஓர் ஊருக்கு டிக்கெட் கிழிப்பார். அது நான் போகிற ஊராக இல்லாவிட்டாலும் தலையாட்டி வாங்கிக்கொண்டு, அந்த ஊரிலேயே இறங்கி, மிச்சத்தை வெயிலில் நடந்திருக்கிறேன். இல்லை, அந்த ஊர் இல்லை என்று சொல்வதற்கும் வாய் வேண்டுமே.

வீட்டில் என் அண்ணன்தான் எனக்கு வாய். பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்தவன் சட்டையைப் பிடித்தவர் அவர். வேலை கேட்டுப் போனபோது எனக்காகப் பேசியவர் அவர். என் கல்யாணத்துக்குப் பெண் கேட்டதும் அவர்தான். என் மனைவிக்கும் நான் வாய் திறக்கும்போதே என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். தண்ணீர் கேட்க நினைத்தால் செம்பு வந்துவிடும். இதையெல்லாம் குறையாகச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அத்தனையும் பாசம். ஆனால் ஒரு சொல்லைத் தொடங்கியவன் அதை முடிக்காமலே ஆயுசைக் கழிப்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

எங்கள் பக்கத்தில் நிச்சயம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டுவார்கள். பெண்ணைப் பெற்றவன் அதைக் கையில் வாங்கி, “பாக்கு எனக்கு, பொண்ணு உங்களுக்கு” என்று சபை கேட்க மூன்று தரம் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் சம்பந்தம். மகள் பிறந்து, ஆஸ்பத்திரியில் அவளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அடுத்து வந்தது அந்த வாக்கு. பாக்கும் பொண்ணும் ஒரே வரியில். எவன் கட்டினானோ அதை, திக்குவாய்க்காரன் மேல் அவனுக்கு ஏதோ பகை.

நான் பார்ப்பது மருந்து கலக்கிற வேலை. பட்டாசுக்குள் போகும் பொடிகளை நாங்கள் மருந்து என்போம். காலையில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். அந்த அறையில் கூட்டம் கூடாது, அரட்டை கூடாது, செல்போன் கூடவே கூடாது. நுழையும்முன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பேச்சே தேவைப்படாத வேலை என்பதால்தான் அண்ணன் அதைப் பிடித்துக் கொடுத்தார்.

தீபாவளி முடிந்தால் சீசன் ஓய்ந்து கம்பெனி கொஞ்ச நாள் பூட்டிக் கிடக்கும். அப்படி ஒரு சமயம், சென்னையில் வேலையில் இருக்கும் மகள் ஊருக்கு வந்தவள் தன் பழைய லேப்டாப்பை எனக்குத் தந்துவிட்டுப் போனாள். அதில் ஓர் உலகத்தையும் திறந்து வைத்திருந்தாள். அதற்குள் நமக்கென்று ஓர் ஆளைச் செய்துகொள்ளலாம். அவன் நடப்பான், பறப்பான், எங்கெங்கோ இருப்பவர்களுடைய ஆட்களோடு பேசுவான். என் ஆளுக்கு நிறையத் தலைமுடி வைத்தேன். அங்கே அதற்கு எண்ணெய் வாங்கவா போகிறோம்.

முதலில் பேச்சுப் பக்கமே போகவில்லை. சும்மா சுற்றினேன். எங்கள் ஊர் ஆனைக்குட்டத்தில் அணைக்குத் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்கக் கிளம்புகிற ஆட்கள் நாங்கள். அந்த உலகத்திலோ ஓயாமல் மழை பெய்யும் ஊர் ஒன்று இருந்தது. யாரோ புண்ணியவான் கட்டி வைத்திருந்தார். அதில் என் ஆளை நிறுத்திவிட்டு நான் வீட்டில் வியர்த்துக்கொண்டு பார்த்திருப்பேன். கடலுக்கு அடியில் நடந்தேன். வானத்தில் ஏறினால் ஒருவர் நட்சத்திரங்களைக் காட்டி எழுத்தில் விளக்கம் சொல்வார். தட்டச்சும் பழகினேன், கட்டங்களை அடுக்கிப் பொருட்கள் செய்யவும் பழகினேன். மருந்து அறையில் வந்த ஒரே ஒரு பழக்கம்தான் போகவில்லை. எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் எத்தனை வாசல் என்று பார்த்துவிட்டு, வாசலுக்குப் பக்கத்திலேயே உட்காருவேன்.

அப்படிச் சுற்றும்போதுதான் அந்தக் கூட்டம் கண்ணில் பட்டது. திக்குகிறவர்கள் தமிழில் பேசிப் பழகும் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பெரிய மண்டபத்தில் கூடுவார்கள். நடத்துவது பினாங்கில் இருக்கும் ஓர் அம்மா. அவருக்கும் திக்கும். யாழ்ப்பாணம், கோயம்புத்தூர், துபாய் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். ஒருவர் முன்னால் போய் நின்று, தட்டச்சு இல்லாமல் சொந்தக் குரலில் எதையாவது சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு ஒரே ஒரு விதி. யாரும் யாருக்கும் சொல்லை முடித்துக் கொடுக்கக் கூடாது.

முதல் நாள் நான் ஊர்ப் பேரையும் தொழிலையும் சொல்லப் போய், ‘ப’வில் மாட்டிக்கொண்டேன். வழக்கமாக அந்த இடத்தில் யாராவது புகுந்துவிடுவார்கள். நானும் பழக்கத்தில் அதற்காக நின்றேன். யாரும் புகவில்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்தபடி பேசாமல் நின்றார்கள். கடைசியில் “பட்டாசு” என்று நானே சொன்னேன். யாரும் கைதட்டவில்லை, தொழில் எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டார்கள். லேப்டாப்பை மூடிவிட்டு அழுதேன். மனைவி பயந்துபோய் வந்தாள். அவளுக்கு அதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தீபாவளிக்கு அந்த மண்டபத்தில் விழா வைத்தார்கள். கோலம், விளக்கு எல்லாம் இருந்தது. நான் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஆசையாக ஒரு புஸ்வாணம் செய்துகொண்டு வந்து, மண்டபத்துக்கு நடுவில் வைத்துப் பற்ற வைத்தார். கூரை போட்ட இடத்துக்குள், அத்தனை பேருக்கு மத்தியில் பொறி கிளம்பியது. எனக்கு அப்புறம் எதுவும் ஞாபகமில்லை. “ஓடுங்க, எல்லாரும் வெளிய ஓடுங்க, எதையும் எடுக்காதீக” என்று கத்திக்கொண்டே என் ஆளை வெளியே ஓட்டி, புல்வெளி முடியுமட்டும் ஓடிவிட்டேன். அடுப்படியில் இருந்த என் மனைவி கரண்டியோடு தெருவுக்கே ஓடிவிட்டாள்.

மண்டபத்துக்குள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் புல்வெளியில் என் பக்கத்தில் இன்னோர் உருவமும் நின்றது. பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண். அவள் எனக்கு முன்னாலேயே ஓடிவந்திருக்கிறாள்.

“அண்ணே, நீங்க எங்கன இருந்து பேசுறீக?”

ஆனைக்குட்டம் என்றேன். அவள் ஏழாயிரம்பண்ணை. அங்கே பட்டாசு பேக்கிங்கில் வேலை பார்க்கிறாளாம். இத்தனை வாரமும் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போவாளாம், அன்றைக்குத்தான் வாயே திறந்திருக்கிறாள். பூமியின் நாலு மூலையிலிருந்தும் வந்த கூட்டத்தில், கம்ப்யூட்டர் நெருப்புக்குப் பயந்து ஓடிய இரண்டு பேரும் கூப்பிடு தூரத்துக்காரர்கள். இதற்கு நாங்கள் சிரித்த சிரிப்பு உள்ளே இருந்தவர்கள் சிரித்ததைவிடப் பெரிது. சிரித்து ஓய்ந்த பிறகு அவள்தான் சொன்னாள், நான் கத்தும்போது ஓரிடத்திலும் திக்கவில்லை என்று. அப்படியா என்று கேட்கப் போய், அந்த ‘அ’விலேயே நின்றுவிட்டேன்.

உயிர் போகிற அவசரத்தில் சரளமாக வருகிறது. ஆனால் மகளின் நிச்சயத்தில் சம்பந்தியைப் பார்த்து அலறவா முடியும்? இதைத்தான் அவளிடம் சொன்னேன். மகள் பிறந்த நாளிலிருந்து மனசில் கிடந்த அந்த வாக்கையும் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, பழகிப் பார்க்கலாம் அண்ணே என்றாள். நான் கட்டங்களை அடுக்கி ஒரு தாம்பாளம் செய்தேன். அவள் வெற்றிலைக்குப் பச்சை பூசினாள். ஒவ்வொரு ஞாயிறும் கூட்டம் முடிந்ததும் அவள் மாப்பிள்ளை வீட்டாராக நின்று தட்டை நீட்டுவாள், நான் பெண்ணைக் கொடுப்பேன். அவளுக்கு எத்தனை தரம் பெண் கொடுத்தேன் என்று கணக்கே இல்லை.

திக்கு போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். போகும் என்று பினாங்கு அம்மா வாக்குக் கொடுக்கவும் இல்லை. முன்பெல்லாம் சொல் சிக்கினால் தலையைக் குனிவேன், வேறு சொல்லுக்குத் தாவுவேன், அல்லது போகட்டும் என்று விட்டுவிடுவேன். இப்போது சிக்கிய இடத்திலேயே நிற்கப் பழகிவிட்டேன். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தபடி, அது வரும் வரைக்கும்.

மகளுக்கு வரன் அமைந்தபோது, ஒரு ஞாயிறு அவளும் சென்னையில் இருந்தபடியே அந்த மண்டபத்துக்கு வந்தாள். அப்பா எங்கே போகிறார் என்று பார்க்க ஆசை. எல்லோரிடமும் அவளை அறிமுகப்படுத்தினேன். முன்னால் போய் நின்று, அந்த உலகத்தில் பனி பெய்யும் ஊர் ஒன்றைப் பார்த்த கதையைத் தொடங்கினேன். ‘ப’வில் நின்றேன். உடனே அவள், “பனி” என்றாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

பினாங்கு அம்மா மெதுவாகச் சொன்னார், “இங்க யாரும் யாருக்கும் முடிச்சுக் கொடுக்கிறதில்ல, தங்கச்சி. அப்பா சொல்லட்டும்.”

கூட்டம் முடிந்ததும் மகள் போன் செய்தாள். “நா எம்புட்டு நாளாப்பா உங்களுக்கு முடிச்சுக் குடுத்துக்கிட்டிருக்கேன்?” என்று கேட்டாள். நீ பேசத் தொடங்கிய நாளிலிருந்து என்றேன். அவள் அழுதாள். நீ என்ன தப்பா செய்தாய், பாசத்தில் செய்தாய் என்று சொல்ல நினைத்து, ‘பாசத்தில்’ என்ற சொல்லில் நின்றேன். அவள் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே காத்திருந்தாள்.

நிச்சயத்துக்கு முதல் நாள் அண்ணன் வந்து, “வாக்க நா சொல்லிருதேன், நீ தட்ட மட்டும் வாங்கிக்கோ” என்றார். நானே சொல்கிறேன் என்றேன். அவர் என் தோளைத் தட்டி, சபையில் தலைகுனிவு வந்துவிடக் கூடாது என்றுதான் சொல்வதாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. நானே சொல்கிறேன் என்று இன்னொரு தரம் சொன்னேன். அவர் சரி என்று போனாலும், நம்பிப் போகவில்லை.

மறுநாள் காலை விருதுநகரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். வாசலில் பந்தல், உள்ளே ஜமுக்காளம். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சம்பந்தி தட்டை நீட்டினார். வாங்கினேன். “ப்” என்றேன். அங்கேயே நின்றது. உதடு பிரியவில்லை. பேச்சுச் சத்தம் அடங்கி, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். நான் தலையைக் குனியவில்லை, சம்பந்தி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அண்ணன் தொண்டையைச் செருமுவது கேட்டது. “பாக்கு எ...” என்று அவர் தொடங்கியும் விட்டார்.

உள் அறை வாசலில் மகள் பட்டுச் சேலையோடு வந்து நின்றாள். கூப்பிடும் முன்னே பெண் சபைக்கு வருவது எங்களில் இல்லாத வழக்கம்.

“பெரியப்பா, அப்பாவே சொல்லட்டும். நேரமானாலும் பரவால்ல.”

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவளை உள்ளே கூட்டிப்போக என் மனைவி எழுந்திருக்கப் போனாள். சம்பந்தி தட்டின் மறு விளிம்பை இன்னும் விடாமல் பிடித்திருந்தார். அவர் சபையை ஒரு தரம் பார்த்துவிட்டு, “நிதானமாச் சொல்லுங்க சம்பந்தி, நாங்க எங்கன போகப் போறோம்” என்றார்.

சொன்னேன். பாக்கிலும் நின்றேன், பொண்ணிலும் நின்றேன். யாரும் உள்ளே புகவில்லை. இரண்டாம் தரமும் அப்படியே. சபை முழுவதும், மாப்பிள்ளையின் தாத்தாவிலிருந்து பந்திக்கு இலை அறுத்தவர் வரைக்கும், என் வாயைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தது. அத்தனை பேரையும் கும்பிட வேண்டும்போல இருந்தது, கையில் தட்டு இருந்தது.

மூன்றாம் தரம் ‘பொண்ணு’தான் ரொம்ப நேரம் பிடித்தது. அப்போது அண்ணனைப் பார்த்தேன். எனக்காக அந்தச் சொல் அவர் தொண்டை வரைக்கும் வந்து நிற்பது தெரிந்தது. கண்ணில் நீர் வழிய, தோள் துண்டின் நுனியைப் பல்லில் இறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவர் அதை எடுக்கவில்லை.